எதிரொலிக்கு மாட்டிய புடவைகள்

கணபதி ஏரியாவில் பிளவுஸ் தைத்துக்கொடுக்கும் மோகனப்பிரியாவுக்குக் கை வேகத்தைவிட வாய் வேகம் அதிகம். தையல் சொல்லிக்கொடுக்க யூடியூபில் சேனல் தொடங்கிவிட்டாள். மாடியில் புதிதாகக் கட்டிய ஹாலில், வெறும் டைல்ஸ் தரையில் மேசையைப் போட்டு, கழுத்து வெட்டுவதை முதல் வீடியோவாக எடுத்தாள்.

உடனே கமெண்டில் ஒருத்தி எழுதினாள்: "அக்கா, தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து தைக்கறீங்களா?"

மோகனப்பிரியா வீடியோவைப் போட்டுக் கேட்டாள். உண்மைதான். "கழுத்து" என்று அவள் சொன்னால் சுவர்கள் "ழுத்து, ழுத்து" என்றன. காலர் மைக் வாங்கிக் குத்தினாள். எதிரொலி குறைந்ததே தவிர, போகவில்லை.

"வெறும் செவுத்துல பட்டுத் திரும்புது அம்மணி," என்றார் கணவர் சென்னகிருஷ்ணன். "துணிமணி ஏதாச்சும் தொங்கவுட்டுப் பாரு."

துணிக்கா பஞ்சம்? தைக்க வந்து குவிந்திருந்த பட்டுப்புடவைகளை மடித்தபடியே கயிற்றில் நெருக்கமாகத் தொங்கவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் பதிவானது. பூரித்துப்போய் அன்றே வீடியோவை ஏற்றினாள்.

மறுநாள், புடவை கொடுத்திருந்த நந்திதா வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, என்ற பச்சைப் புடவை ஃபால்ஸ் தைக்கப் போயிருக்குதுன்னு சொன்னீங்க. வீடியோவுல உங்க தலைக்குப் பின்னாடி தொங்குதுங்களே?"

"அது... அதே கலர்ல வேறொருத்தரதுங்க கண்ணு."

"முந்தியில நாங்கொட்டுன காப்பிக் கறை எனக்குத் தெரியாதுங்களா?"

அவள் போட்ட சத்தம் அந்த ஹாலில் மெத்தென்று விழுந்தது. துளி எதிரொலி இல்லை. வாங்கிக்கட்டிக்கொள்ளும்போதும் மோகனப்பிரியாவுக்கு அதில் ஒரு பெருமை. அதற்குள், புடவை கொடுத்திருந்த இன்னொருவரான சின்னாத்தாள் படியேறி வந்து, "என்ற புடவை எந்த வரிசையில தொங்குதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அப்புறம் தைத்துத் தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. புடவைகள் ஒவ்வொன்றாக வீடு போகப் போக, எதிரொலி ஒவ்வொரு சுவராகத் திரும்பி வந்தது. பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, சென்னகிருஷ்ணன் பவானி ஜமக்காளங்களை வாங்கிவந்தார். சுவரை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினார், தரையிலும் விரித்தார். குரல் மறுபடி தெளிந்தது.

கை வெட்டும் வீடியோவை ஏற்றினாள். கையைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. "அக்கா, அந்த ஜமக்காளம் எந்தக் கடையில?" என்ற கேள்விகளே வந்து குவிந்தன. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், அடுத்த வீடியோவில் ஜமக்காளத்தை எப்படி உதறி வெயிலில் போடுவது என்று விளக்கினாள். அதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள்.