கல்யாணக் கோட்டும் மூன்று பேஸ்பால் ஸ்டேடியங்களும்

கடுகு சாஸ், வறுத்த வேர்க்கடலை, யாரோ கொட்டிய பீர்... மூன்றும் கலந்த வாடை. வெயிலில் சூடேறிய பெஞ்சில் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எண்பத்தாறு கோடை, சிகாகோவில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியம். கல்யாணமாகி ஐந்து மாதம். பக்கத்து சீட் காலி.

"பாப்கார்ன் வாங்கிட்டு வந்துடறேன் ஷீலா" என்று மூன்றாவது இன்னிங்ஸில் எழுந்து போன என் கணவர் ஜெயராஜ், ஆட்டம் முடியப்போகும் எட்டாவது இன்னிங்ஸில்தான் வந்தார்.

கையில் பாப்கார்ன் இருந்தது. "செம க்யூ" என்றார்.

அப்போது நாங்கள் குடியிருந்த ஜெர்சி சிட்டியில் கிளம்பும்போதே எனக்கு லேசாகப் பொறி தட்டியது. "ஒரு மாசம் லீவு போட்டிருக்கேன். நேஷனல் பார்க், பெரிய பெரிய ஊரு, பேஸ்பால்னு பார்த்துட்டே கலிஃபோர்னியா வரைக்கும் டிரைவ் பண்ணலாம்" என்றார்.

பேஸ்பாலா? கிரிக்கெட் ஸ்கோரையே அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளுக்கு?

ஷெனண்டோவா நேஷனல் பார்க் மலையில் மனுஷன் என் கையை விடவே இல்லை. கரடி வரும் என்று பயமுறுத்தினார், மரத்துக்கு மரம் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். பார்க் என்றால் நிழல் மாதிரி கூடவே இருப்பார். ஊர் வந்தால் ஸ்டேடியம். ஸ்டேடியம் வந்தால் ஆள் மாயம்.

செயின்ட் லூயிஸிலும் அதே கதை. திரும்பி வந்தபோது தலை புதிதாக வாரியிருந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. காலையில் அவ்வளவு பளிச்சென்று ஷேவ் வேறு. பேஸ்பால் பார்க்க யாராவது இப்படிக் கிளம்புவார்களா?

தினமும் வண்டி எடுக்கும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். அந்த ஜெபம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. நான் ஒரு கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆண்டவரிடம் இவ்வளவு நேரம் சொல்ல என்ன இருக்கிறது? எந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறார்?

ஆபீசில் கூட வேலை பார்க்கிற எவளோ ஊர் ஊராகப் பின்னாலேயே வருகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று சோறு இறங்கவில்லை.

ஹூஸ்டனில் ஸ்டேடியத்துக்குக் கூரை போட்டு ஏசி வைத்திருந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸ். "பாப்கார்ன்..." என்று எழுந்தார். இருபது எண்ணிவிட்டு நானும் எழுந்தேன்.

பார்க்கிங் லாட்டில் ஒரு வேனுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கள் காரின் டிக்கியைத் திறந்து, ரைஸ் குக்கர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். வெள்ளைச் சட்டை, டை, கோட்டு. எங்கள் கல்யாணத்துக்கு பாளையங்கோட்டை சர்ச்சில் போட்டிருந்த அதே கோட்டு! எல்லாவற்றையும் அங்கேயே மாட்டி, சைடு மிரரில் டையைச் சரிசெய்துகொண்டு, வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

எனக்கு டிரைவிங் தெரியாது. பாஸ்போர்ட் காருக்குள். அந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாது. ஆனால் அதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தியைப் பார்க்கப் போகிறாரே... அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. தார் கொதிக்கிற வெயிலில் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்ததும் அவசரமாக டையை உருவினார்.

"யாரு அவ?"

"எவ?"

"இந்தக் கோட்டைப் போட்டுட்டு எவளைப் பார்க்கப் போனீங்க?"

அவர் அப்படியே கார் பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்டர்வியூ ஷீலா. எனக்கு வேலை போயி ஆறு வாரம் ஆச்சு. இன்னொண்ணு கிடைக்கலைன்னா விசா போயிடும், நாம ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வாரா வாரம் உங்கப்பாவுக்கு ஏரோகிராம் எழுதுற. ஒரு வரி போதும், பாளையங்கோட்டை பூரா தெரிஞ்சிடும். அமெரிக்கா மாப்பிள்ளைன்னுதானே உன்னைக் கொடுத்தாரு."

நான் அவரைச் சந்தேகப்பட்ட நேரமெல்லாம் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்!

"சரி, ஸ்டேடியம் எதுக்கு?"

"உன்னை வேற எங்க விட்டுட்டுப் போறது? மோட்டல்ல தனியா விட பயமா இருந்துச்சு. இங்க போலீஸ் இருக்கு, பாத்ரூம் இருக்கு, சுத்தி குடும்பம் குடும்பமா ஜனங்க. மூணு மணி நேரம் உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. ஆனாலும் மோட்டலுக்கு வந்ததும், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து கோட்டுப் பாக்கெட்டைத் துழாவினேன். இன்டர்வியூ லெட்டர்தான் இருந்தது. அதையும் இரண்டு தடவை படித்தேன்.

கிராண்ட் கேன்யனை இருவரும் சரியாகப் பார்க்கவே இல்லை. அதன் விளிம்பில் உட்கார்ந்து, நான் கேள்வி கேட்க அவர் இங்கிலீஷில் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அந்த வாரம் அப்பாவுக்கு எழுதிய ஏரோகிராமில் பள்ளத்தாக்கு ரொம்ப ஆழம் என்று மட்டும் எழுதினேன்.

கலிஃபோர்னியாவில் பே ஏரியா வந்ததும் ஸ்டேடியத்துக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே சான் ரமோனில், ஒரு பெரிய ஆபீஸ் வளாகத்தில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்டர்வியூ முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து, "வீடு தேடணும்" என்றார்.

இன்றுவரை அதே சான் ரமோன்தான். "எழுதிக்கோ, ரிடையர் ஆயாச்சு, இனிமே வேலையா போகப்போகுது?" என்று அவரே அனுமதி கொடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது அவர் பால் வாங்கப் போய்ப் பத்து நிமிடம் தாமதமானால், "அம்மா, just check the app" என்கிறாள் மகள். திறந்தால் நீலப் புள்ளி ஒன்று ஒழுங்காக வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. நிம்மதிதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த ஹூஸ்டன் வெயிலில் நின்ற வரைக்கும் அவர் எனக்கு அப்பா பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை, அவ்வளவுதான். இவரை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று வயிறு எரிந்ததே... அன்றைக்குத்தான் அவர் எனக்குப் புருஷன் ஆனார்.