ஒரே வீடு, இரண்டு அடுப்பு

இன்று திருக்கோஷ்டியூர் பஸ்ஸில் உட்கார்ந்து, என் ஆய்வுக்காகக் குடும்பங்களின் எண்ணிக்கையைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். நம் நாட்டுக் கணக்கும் வெளிநாட்டுக் கணக்கும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன.

பக்கத்து சீட் அக்கா கேட்டார். "என்னத்தா, போனை இம்புட்டு மொறைக்கிறீக?"

"சில நாட்டுல ஒரு வீட்டுல இருக்கிறவுக எல்லாம் ஒரே குடும்பம்க்கா. நம்ம சென்சஸ்ல அடுப்பைத்தான் பாப்பாக. தனியாப் பொங்குனா தனிக் குடும்பம்."

அக்காவின் முகம் மாறியது. கொழுந்தன் மனைவியான ஓரகத்தியோடு சண்டை போட்டு, போன வாரம்தான் அதே வீட்டில் தனி அடுப்பு வைத்தாராம்.

"அப்ப கவர்மெண்டு கணக்குல நாங்க ரெண்டு குடும்பமா?"

"ஆமாக்கா."

உடனே ஓரகத்திக்குப் போன் போட்டார்.

"செல்வி, ஒலை வச்சுட்டியா? வைக்காத. நான் வந்துர்றேன், ஒண்ணாவே பொங்குவோம். காரணத்தை வந்து சொல்றேன்."

இறங்கும்போது என்னிடம், "ஒரே குடும்பம்னு எழுதிக்கிருங்கத்தா" என்றார்.

என் அட்டவணை இன்னும் ஒட்டவில்லை. ஆனால் நாட்டின் குடும்ப எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு?