பின்னால் பார்க்கும் சீட்டும் தப்பான மாப்பிள்ளையும்

இன்று திண்டிவனத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றைப் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தபடி உட்காரும் மூன்றாவது வரிசை சீட் அப்படியே இருந்தது. யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முழங்கால்தான் திட்டியது.

உட்கார்ந்தபடியே மெக்கானிக்கிடம் கதையை ஆரம்பித்தேன்.

எண்பத்து மூன்றில் அக்காவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்துவர இதே மாதிரி வண்டியில் விழுப்புரம் போயிருந்தோம்.

"மாப்ள வேன் வழி தவறாம வரணும். கையக் காட்டிக்கினே வாங்க" என்று திரும்பும்போது சித்தப்பா என்னையும் தங்கையையும் கடைசி சீட்டில் உட்காரவைத்தார்.

ரயில்வே கேட்டில் வண்டிகள் வரிசை மாறிக் கலந்துவிட்டன. கேட் திறந்ததும் பூ கட்டிய வெள்ளை வேன் ஒன்று பின்னால் வந்தது. எங்கள் மாப்பிள்ளை வேன்தான் என்று மண்டபம் வரை விடாமல் கையாட்டினோம்.

மாலையோடு இறங்கியவருக்கு அத்தைகள் ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் அக்கா ஜன்னலிலிருந்து கத்தினாள்: "ஐயோ, இவரு இல்ல!"

நான் முடிப்பதற்குள், தன் காருக்காகக் காத்திருந்த நரைத்த தலைக்காரர் ஒருவர் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"அந்த மாப்ள நான்தாம்மா! ரெண்டு பொண்ணுங்க அவ்ளோ ஆசையா கூப்புட்டா எந்த டிரைவர்தான் வரமாட்டான்? எங்க மண்டபத்துல ஒரே பேஜாரு!"

"ஒரு ரவுண்டு போலாம், ஏறுங்க சார்" என்றேன்.

"வேணாம்மா. உங்க பின்னாடி வந்ததே போதும்."

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆளு இன்னும் அப்பிடியே இருக்காரா?"

தயவுசெய்து யாரும் இந்தப் பதிவில் மாமாவை டேக் செய்துவிடாதீர்கள்.