பரிசுப் பெட்டியைத் தொடாதவள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி, அவளுடைய அக்கா, என் அப்பா, தொட்டிலில் தூங்கிய எங்கள் மகள். வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெண்களுக்குத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. நானும் வேலை பார்க்கும் நோர்வூட் டயர் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் மாலை ஆறு மணிக்குள் நான் ஒன்றை அனுப்பியாக வேண்டும். கைபேசி விளையாட்டுகள் செய்யும் கொழும்புக் கம்பெனி ஒன்று, அவற்றை விளையாடிப் பார்த்துக் குறை நிறை சொல்ல ஆள் தேடியது. அவர்களுடைய விளையாட்டு ஒன்றை யாரையாவது ஆடவைத்து, அதைப் பதிவு செய்து, கூடவே மதிப்பீடும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். தமிழிலும் எழுதலாம். படிப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இப்படி ஒரு வேலை இனி வருமா, வந்தாலும் எனக்குத் தெரியவருமா என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

என்றைக்காவது சொந்தமாக ஒரு விளையாட்டு செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அதனால் எதையும் ஜெயிப்பதற்காக மட்டும் ஆடுவதில்லை. யாரும் சொல்லித்தராமல் முதல் நிமிடத்திலேயே புரிகிறதா, தோற்றால் யார் மேல் கோபம் வருகிறது என்று பார்ப்பேன். என் தப்பால் தோற்றேன் என்று பட்டால் திரும்ப ஆடத் தோன்றும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பட்டால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஒரு பஸ் விளையாட்டை, வளைவில் வண்டி திரும்பும் விதத்துக்காக மட்டுமே மாதக்கணக்கில் அழிக்காமல் வைத்திருந்தேன். மழையில் ஹட்டன் பாதையில் பஸ் திரும்பும்போது நம் உடம்பு ஒரு பக்கம் சாயுமே, அந்தச் சாய்வு அதில் இருந்தது.

கம்பெனி தந்த விளையாட்டு மரக்கறித் தோட்டம். கோவாவும் கரட்டும் பிடுங்கி, கழுவி, லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டும். என் கைபேசி பழையது, அதைத் தாங்காது. மனைவியின் கைபேசியில் இறக்கி, அவளையே ஆடச் சொன்னேன். அவள் விளையாட்டே ஆடியதில்லை. அப்படிப்பட்ட ஒருவர்தான் எனக்கு வேண்டும்.

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அக்கா சிரித்தாள்.

"ஏன் தம்பி, பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறீங்க? அவ எப்படி ஆடுவா?"

அவள் நன்றாகவே ஆடினாள். இரண்டு கட்டைவிரலாலும் மாறி மாறிப் பிடுங்கினாள். கரட் மண்ணை விட்டு வரும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் அவள் முகம் மலர்ந்தது. 'பிடுங்கும் சத்தம் மிக நன்று' என்று எழுதிக்கொண்டேன். திரையின் மூலையில் ஒரு பரிசுப் பெட்டி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. 'பெட்டி கண்ணில் படும் இடத்தில் இல்லை' என்றும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய லொறி நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தாள், நகரவில்லை. கைபேசியை மடியில் வைத்தாள்.

"எனக்கு வராதுங்க. நீங்க வேற யாரையாவது வச்சு எடுங்க."

அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. விளையாட்டின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னால் முடியவில்லை என்றே நினைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

கைபேசியை வாங்கி, பெட்டியைத் திறந்து பார்த்தேன். லொறிக்கு வேண்டிய சக்கரம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"மூலையில பெட்டி இருந்திச்சே, நீ பார்க்கலையா?"

"பார்த்தேனே. அந்த ஆட்டம் ஆடுது, கண்ணுல படாமலா இருக்கும்?"

"அப்புறம் ஏன் தொடல?"

"சும்மா குடுக்கிறாங்கன்னா பிறகு கழிப்பாங்க."

"தோட்டத்துல குடுக்கிற தீவாளி அட்வான்ஸ் மாதிரி" என்றாள் அக்கா. "குடுக்கும்போது சிரிச்சிக்கிட்டே குடுப்பாங்க. அப்புறம் மாசாமாசம் சம்பளத்துல புடிப்பாங்க."

அப்பா மூலையிலிருந்து குரல் கொடுத்தார். "பெட்டிக்குள்ள கம்பளி இருந்தாலும் எடுக்காத ஆயி. அந்தக் காலத்துல தோட்டத்துல குடுத்த கம்பளிக்கும் எங்க சம்பளத்துல புடிச்சானுங்க."

"ஐயோ, இது விளையாட்டுப்பா. யாரும் சல்லி கழிக்கமாட்டாங்க" என்றேன்.

"அது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

தேடினேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

என் மதிப்பீடு தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் சரியானதை எழுதப் பயமாக இருந்தது. தோட்டத்து அட்வான்ஸ் கதையை எழுதினால் கொழும்பில் இருப்பவர்கள் சிரிப்பார்களோ? தொழிலாளர் லயத்துப் பேச்சை அனுப்பியிருக்கிறான் என்பார்களோ? எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

மனைவி இஞ்சித் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க பார்த்ததத்தானே கேட்டாங்க? பார்த்தத எழுதுங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்."

எழுதினேன். கவனமாக வாழப் பழகிய ஒருவர் இலவசத்தைத் தொடமாட்டார், அவரை இந்த விளையாட்டு தோற்கடித்து, தோல்விக்குக் காரணமும் அவரே என்று நினைக்க வைக்கிறது, பெட்டியின் மேல் 'எதுவும் கழிக்கமாட்டோம்' என்று ஒரு வரி போடுங்கள் என்று எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும். இருக்கட்டும் என்று விட்டேன்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு மேலே உள்ள மேட்டில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மகளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு அவளும் என்னோடு ஏறினாள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பதிவு பெரியது, பாதி போனதும் அவள் கைபேசியில் டேட்டா முடிந்துவிட்டது. கடைக்கு இறங்கி ரீலோட் போட்டு வருவதற்குள் ஆறு மணி தாண்டிவிடும். நான் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுடைய கைபேசிக்கு சிம் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கடனாக ஐம்பது ரூபாய் தருகிறோம், அடுத்த ரீலோடில் ஐம்பத்தைந்தாகக் கழித்துக்கொள்வோம் என்றது. அவள் அந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்த உடனே அழிப்பவள். இதை நிதானமாக, உதடு அசைய, முழுவதும் வாசித்தாள்.

"இவனுங்க எவ்வளவு கழிப்போம்னு முன்னாடியே சொல்லிட்டானுங்க" என்றாள்.

மகளை என்னிடம் கொடுத்துவிட்டு அவளே அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் பதிவு போய்ச் சேர்ந்தது. ஆறு மணி ஆக இன்னும் நேரமிருந்தது. அவள் மூச்சு விட்டுச் சிரித்தாள். நாங்கள் தர வேண்டிய பாக்கி ஐம்பத்தைந்து ரூபாய்.