சேரப்பணஞ்சேரிக்கு வந்த லங்கர் கப்பு

ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்று கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே சேரப்பணஞ்சேரியைத் தாண்டிவிடுகிறார்கள். நான் அந்த ஊரில் முதலில் இறங்கியது 1972 ஏப்ரலில். பாகிஸ்தானோடு நடந்த சண்டை முடிந்து முதல் லீவில் வந்திருந்தேன். பட்டாளத்தில் நான் லாரி டிரைவர். என்னோடு லாரி ஓட்டிய சூசை, மேற்கு எல்லையில் குண்டு விழுந்த நாளிலிருந்து காணவில்லை. அவன் வீட்டுக்குப் போகாமல் லீவைக் கழிக்க மனசு வரவில்லை.

தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ் பிடித்தேன். படப்பை வரை பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், அப்புறம் நாலைந்து. டிக்கெட் எழுபது பைசா. என் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்துவிட்டு கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா சார், மிலிட்டிரியா? எத்தினி பேரைச் சுட்டீங்க?”

“லாரி ஓட்டினேன்” என்றேன். மனிதருக்கு முகம் தொங்கிப்போனது. மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இங்கே பட்டாளத்துப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழன், பஞ்சாபி, மராட்டி எல்லோரும் சேர்ந்து கிடந்ததில் எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டாகியிருந்தது. பதுங்குகுழிக்கு மோர்ச்சா. விருந்துச் சாப்பாட்டுக்குப் படாகானா. சமையல்கூடம் லங்கர். அங்கே தட்டேந்தி நிற்கிற வரிசையில் பிறக்கும் வதந்திக்குப் பெயர் லங்கர் கப்பு. அதில் ஒரு வழக்கம் உண்டு. சும்மா ‘லீவு வரப்போகுது’ என்றால் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். எந்த ஆபீசர் சொன்னார், அப்போது டீ குடித்தாரா காப்பி குடித்தாரா என்பது வரை சேர்த்துச் சொல்ல வேண்டும். விவரம் கூடக் கூட அது புளுகு என்று எங்களுக்குத் தெரியும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்போம், ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவோம்.

சூசையின் அப்பா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். சூசையின் மனைவி ரெஜினா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“நீயே சொல்லு தம்பி” என்றார் பெரியவர். “எம்புள்ள ஆத்துமாவுக்குக் கோயில்ல ஒரு பூசை வெக்கலாம்னா இவ ஒத்துக்க மாட்றா. படப்பையிலேர்ந்து ஒரு மிலிட்டிரிக்காரன் வந்து, அவன் உசுரோட கீறான்னு சொல்லிட்டுப் பூட்டான்.”

“பூசை வெச்சா நாமளே அவரைச் சாவடிச்ச மாதிரி மாமா” என்றாள் ரெஜினா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “சும்மா சொல்லலண்ணா. பாகிஸ்தான் ஆஸ்பத்திரியில பாத்தாங்களாம். இடது கால்ல கட்டாம். நீலக் கம்பளி போத்திக்கினு, வெத்தல கேட்டாராம்.”

அதே கட்டு, அதே கம்பளி, அதே வெற்றிலை. எங்கள் ஹவில்தாரைப் பற்றியும் லங்கரில் இதையே சொன்னார்கள். அந்த ஹவில்தாரின் உடலை எரித்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். படப்பைக்காரனைத் திட்டியும் பயனில்லை. வரிசையில் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போகிறவர்கள் இந்த வீட்டில் இல்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

மறைக்காமல் சொன்னேன். லங்கர் கப்பு என்றால் என்ன என்பதையும், ஹவில்தார் கதையையும்.

“நீங்க கண்ணால பாத்தது இன்னாண்ணா?” என்றாள் ரெஜினா.

“அவன் லாரி எரிஞ்சதைப் பாத்தேம்மா. அவன் எறங்கினதைப் பாக்கல.”

அவள் காப்பி டம்ளர்களை எடுத்தாள். உள்ளே போகாமல் அப்படியே நின்றாள்.

“அவருக்கு வெத்தலன்னா கொமட்டும்ணா. வாயில வெக்க மாட்டாரு. அந்தாளு சொல்லும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினுதான் நம்பிகினு இருந்தேன்.” பிறகு மாமனாரைப் பார்த்தாள். “சாமியாராண்ட சொல்லிடுங்க மாமா. ஞாயித்துக்கெழமையே வெச்சிக்கலாம்.”

பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கஷ்டமே இல்லை. தாம்பரத்திலிருந்து பஸ் நிறைய இருக்கிறது, படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். ஷிப்ட் விடுகிற நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நிற்க இடம் இருக்காது. பட்டாளத்திலிருந்து வந்து இப்படி ஒரு வீட்டுக்குப் போகிறவர்களாக இருந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் கொண்டுபோங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் போனேன். ரெஜினா அழாமல் முழங்காலில் இருந்தாள். பிற்பாடு போர்க்கைதிகள் திரும்பி வந்தபோது, சூசை இருக்கிறானா என்று அந்த வீட்டிலிருந்து யாரும் விசாரிக்கவில்லை. பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடியவன் நான்தான்.