பெலிக்ஸ் அண்ணன் வைத்த உயரம்

பெலிக்ஸ் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி நம் சைக்கிள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நாமக்கல் கடையில் கோழித்தீவன மூட்டைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

சூரமங்கலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் அவர் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அதே பட்டறை சைக்கிள் ஆஸ்பத்திரியாகிவிடும். அங்கேதான் என் பழைய டைம் ட்ரையல் சைக்கிளைக் கொண்டுபோனேன். ஆளாளுக்குத் தனியாக ஓட்டி, கடிகாரத்தோடு மோதுகிற பந்தயத்துக்கான வண்டி அது. ஐந்தரை அடி ஆளுக்குச் செய்தது. நான் ஆறடி மூன்று அங்குலம். குனிந்து மிதித்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும்.

"ஏஞ்சாமி, இதுல ஒக்காந்தா வெட்டுக்கிளியாட்டம் இருக்கறயே" என்று சிரித்தார். "ஆள வண்டிக்கு மடக்கக் கூடாது. வண்டிய ஆளுக்கு நீட்டோணும்."

நீட்டினார். நீளமான சீட் கம்பியைத் தேடிப் போட்டார். சீட்டை முன்னே தள்ளினார். முழங்கை வைக்கும் திண்டுகளை உயர்த்த அந்தக் காலத்து மாடலுக்குக் கட்டை கிடைக்கவில்லை, அலுமினியத்தைக் கடைந்து தானே செய்தார். சீட்டை வாராவாரம் நூலளவு ஏற்றுவார், மல்லூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வார். "எங்க வலிக்குதுன்னு சொல்லு. ஒடம்பு பொய் சொல்லாது." நான்கு மாதம் கழித்துச் சீட் கம்பியில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஒட்டி, கறுப்பு டேப் சுற்றினார். "இதான் உன்ற ஒசரம். டேப்பு கிளாம்பத் தொட்டு நின்னா கண்ண மூடிட்டு ஓட்டு."

அந்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம். அதற்கு நானும் அவரும்தான் போட்டி என்பதை நீங்கள் மறந்திருக்கலாம். வயது வரம்பால் அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பயிற்சியில் நான் அவரை முந்தத் தொடங்கியிருந்தேன், அவர் நீட்டிக் கொடுத்த வண்டியிலேயே.

தேர்வு நாள் காலையில் என் வண்டியை ஒருமுறை பார்த்துத் தந்தார். டேப் கிளாம்பைத் தொட்டு நின்றது. ஏறி மிதித்தேன். தொடை எரிந்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பை விட அவரை நம்பினேன். பதினோரு விநாடி வித்தியாசத்தில் இடம் அவருக்குப் போனது.

வீட்டுக்கு வந்து கம்பியை உருவிப் பார்த்தேன். பழைய டேப்பின் பசை இப்போதைய டேப்புக்கு ஒரு விரல் கீழே, குழாய்க்குள் மறைந்திருந்தது. சீட்டை இறக்கியதோடு நிற்காமல், எனக்குத் தெரியாதபடி டேப்பையும் மாற்றிச் சுற்றியிருக்கிறார். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதுதான். மாநிலப் போட்டியில் ஏழாவதாக வந்தார். நானும் கைதட்டினேன்.

கேட்கவில்லை. கேட்டு, அவர் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பன்னிரண்டு வருடம் ஒரே கடையில் டீ குடித்தோம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். கூட இருந்த அவர் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, "அன்னைக்கு நாந்தான் எறக்குனேன் சாமி" என்றார்.

"தெரியுமுங்கண்ணா."

தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "தெரிஞ்சுமா இத்தன வருசம் எங்கூட டீ குடிச்ச? ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லி அழுதிருப்பனே. நீயும் என்னய ஏமாத்திப்புட்டயே."

தப்புச் செய்தவர் அவர், தலை குனிந்தவன் நான். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. "நாளைக்கு வாரேனுங்க" என்று கிளம்பினேன். போகவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது வேறு வண்டி. அதிலும் சீட்டு அவர் கண்டுபிடித்த எண்பத்தொன்றரை சென்டிமீட்டரில்தான் நிற்கிறது. செய்தி வந்த அன்று, அவருடைய அளவு எனக்கு வேண்டாம் என்று இறக்கி வைத்து ஓட்டினேன். மல்லூர் தாண்டுவதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. சாலையோரம் நிறுத்தி, திட்டிக்கொண்டே அவர் வைத்த உயரத்துக்கே ஏற்றினேன்.