வீரையா வைத்த கிடாக்குழம்பு

சாயல்குடிப் பக்கம் கிடாவெட்டு என்றால் வீரையாதான் குழம்பு வைக்க வேண்டும். மானாவாரியில் மிளகாய் போடும் சாதாரணச் சம்சாரிதான் அவர். ஆனால் துடுப்பைக் கையில் பிடித்துவிட்டால் ஊரே அவர் சொன்னபடி நடக்கும். குண்டு வத்தலை வறுக்கும்போது ஒரு நொடி முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் கமறல். அந்த நொடியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மூக்கு.

அந்த மூக்கு 1998 தைப் பொங்கலுக்கு மறுநாள் செத்துப்போனது. வைக்கோல் டிராக்டரிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. தையல் ஆறிவிட்டது. கருவாடும் மல்லிகையும் அவருக்கு ஒன்றாகிப்போயின. மனைவி செவ்வந்திக்கு மட்டுமே இது தெரியும். அதன் பிறகு கல்யாண வீடுகளுக்கெல்லாம் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அவளும் கூடவே போனாள். அடுப்பருகே வந்து அவள் லேசாக இருமினால், அவர் அண்டாவை இறக்கச் சொல்லிவிடுவார்.

ஆனால் ஆடி மாதம் கண்மாய்க்கரைக் கருப்பனுக்குப் படைக்கும் விருந்தில் பெண்கள் தலைகாட்டக்கூடாது. ஆறு கிடாயும் ஒரே அண்டாவில் வேக வேண்டும். படையல் முடியும்வரை யாரும் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. மணத்தை வைத்துத்தான் பதம்.

அந்த வருஷ விருந்தன்று காலையில் செவ்வந்தி கெஞ்சினாள்.

“எந்தம்பிகிட்டச் சொல்லிருங்க. சின்னக்கருப்பன் கிண்டட்டும்.”

“அவங்கிட்டக் குடுத்துட்டு நான் பந்தியில போயி உக்காரவா? ஒருக்கா கைமாறிப்போச்சுன்னா திரும்பி வராது புள்ள.”

“சாமிக்குப் போறதுங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கண்ணளவிலும் கையளவிலும் மசாலாவைச் சேர்த்து எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். கறி வெந்துகொண்டிருந்தபோது ஆடிக்காற்று வந்து கருவேல விறகை விசிறிவிட்டது. பக்கத்தில் நின்ற சின்னக்கருப்பன் மூக்கை உறிஞ்சினான்.

“மச்சான், அடி பிடிக்குது.”

வீரையா அவனைத் திரும்பிப் பார்த்தார். வருஷா வருஷம் இதையே சொல்லிக் கேலி செய்கிற மைத்துனன் அவன். ‘ஒன் வேட்டி கருகுது, பாருலே’ என்று போன வருஷம் அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது அவருக்கு மூக்கு இருந்தது. இப்போது இவன் சொல்வது கேலியா, நிஜமா?

அடிப்பிடித்த குழம்பைக் கிண்டக்கூடாது. மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் காப்பாற்றிவிடலாம். அடியைத் தொட்டால் அத்தனையும் பாழ். ஆனால் அடிப்பிடிக்காத குழம்பை மாற்றினால், வீரையாவுக்கு மணம் தெரியவில்லை என்பது அந்த நிமிஷமே ஊருக்குத் தெரிந்துவிடும்.

“நெசமாத்தான் மச்சான். தீஞ்ச வாடை அடிக்குது, தெரியலையா?”

அந்தக் கடைசி வார்த்தை அவரைச் சுட்டது.

“எனக்கே சொல்லித்தாரியா? தள்ளி நில்லு மாப்ள.”

துடுப்பை அடிவரை இறக்கி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு சுற்றுச் சுற்றினார்.

கருகிய பொருக்குகள் மிதந்து மேலே வந்தன. பூசாரி உக்கிரபாண்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“என்னப்பா வீரையா, மூக்க வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வந்தியா?”

யாரோ சிரித்தார்கள். வீரையா துடுப்பை அண்டாவின் விளிம்பில் சாய்த்துவைத்தார்.

“தையில விழுந்தேன்ல அண்ணே. அன்னையில இருந்து ஒண்ணுமே மணக்கல. சாமிகிட்டயும் மறைச்சுட்டேன்.”

சிரிப்பு நின்றுபோனது.

“வேற கிடாய்க்கு எங்கன போறது? இதையே படைங்க” என்றார் பூசாரி, வீரையாவின் முகத்தைப் பார்க்காமல்.

படைத்தார்கள். இருநூறு ஆண்கள் கறியை இலையோரம் ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோற்றை விழுங்கினார்கள். கடைசி இலையில் உட்கார்ந்து வீரையா ஒரு கவளம் வாயில் வைத்தார். உப்பு சரி. காரம் சரி. லேசாக ஒரு கசப்பு, அவ்வளவுதான். ஊரே ஒதுக்கிய குழம்பில் தனக்கு ஒரு பெரிய குறையும் தெரியவில்லையே என்பதுதான் அவரை உடைத்தது. கண்ணீர் இலையில் சொட்டியது.

வாளியோடு வந்த சின்னக்கருப்பன் குனிந்தான்.

“நான் வெளையாட்டுக்குச் சொல்லல மச்சான்.”

“தெரியுது மாப்ள. அடுத்த ஆடிக்கு நீயே கிண்டு.”

ஒரு பேச்சுக்காவது அவன் வேண்டாம் என்பான் என்று அண்ணாந்து பார்த்தார். அவன் சரியென்று தலையை ஆட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.